கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து நீக்கிய பெயர்

"பாகம் 87, வரிசை எண் 412. பாண்டியம்மாள், தந்தை செல்லையா, பெண், வயது 27. நீக்கம்: S."

வாக்காளர் பட்டியலின் துணைப்பட்டியல் ஒன்றில் இருந்த வரி இது. S என்றால் குடிபெயர்ந்தவர். இறந்தவருக்கு E, இரட்டைப் பதிவுக்கு R. இந்த நீக்கத்துக்கான குறிப்பை எழுதியவன் நான். அந்த வரியைக் கையால் படியெடுத்து என் குறிப்பேட்டில் வைத்திருக்கிறேன்.

எதையும் தேதி போட்டு எழுதி வைப்பது என் பழக்கம். இந்தக் கட்டுரையில் கிழமையும் நேரமும் இருக்கும், சம்பவம் நடந்த ஆண்டு இருக்காது. ஆண்டைச் சொன்னால் எந்த உள்ளாட்சித் தேர்தல் என்று தெரிந்துவிடும். தேர்தல் தெரிந்தால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் ஆள் தெரியும். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அலுவலகம் எது என்பதையும் விட்டுவிடுகிறேன். திண்டுக்கல் சமவெளியில் ஒரு வட்டாட்சியர் அலுவலகம், அவ்வளவு போதும்.

இதை எழுத வைத்தவர் ஸ்டெல்லா. என்னிடம் தேர்தல் பிரிவில் இளநிலை உதவியாளராக இருந்தவர், இப்போது தேர்தல் துணை வட்டாட்சியர். வீடு வீடாகப் படிவம் கொடுத்துப் பட்டியலை அடியிலிருந்து திருத்தும் வேலை முடிந்து அவர் மூச்சு விட்ட வாரத்தில் ஒரு செய்தி அனுப்பினார்.

"சார், வாக்காளர் தினத்துக்கு நான் பேசணுமாம். பெண்களுக்கு வாக்குரிமை ஏன் கிடைத்தது என்று தலைப்பு. நீங்க நிறையப் படிச்சவங்க. நாலு பாயிண்ட் குடுங்க. மூணு நிமிஷம்தான் டைம்."

நான்கு கொடுத்தேன். ஒன்று, பெண்கள் சங்கங்கள் மனு மேல் மனு எழுதி, தூதுக்குழுவாகப் போய்க் கேட்டன. இரண்டு, முடிவை மாகாணங்களிடம் விட்டார்கள். சென்னை மாகாணச் சட்டசபை 1921இல் பெண் என்பதற்காக இருந்த தடையை எடுத்தது. ஆனால் சொத்து வேண்டும் என்ற விதி அப்படியே நின்றதால் மிகச் சிலருக்கே ஓட்டு வந்தது. மூன்று, விடுதலைப் போராட்டத்தில் சிறைக்குப் போன பெண்களிடம் ஓட்டு மட்டும் கிடையாது என்று பிறகு எவராலும் சொல்ல முடியவில்லை. நான்கு, அரசியல் சட்டம் வயது வந்த எல்லோருக்கும் கொடுத்தது. இடையில் 1935ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு, நேரம் இருந்தால் அதையும் சொல்லலாம் என்றேன். சொத்துத் தகுதி உள்ள ஆணின் மனைவி என்ற தகுதியிலும் ஒரு பகுதிப் பெண்கள் வாக்காளர் ஆனார்கள்.

ஸ்டெல்லா உடனே போன் செய்தார். "புருஷன் இருந்தாத்தான் ஓட்டா சார்? நல்லாருக்கே!"

"ஒரு பகுதிப் பேருக்கு அப்படித்தாம்மா. அதோட முடியல. சுதந்திரம் வந்து முதல் பட்டியல் எழுதினப்ப, வடக்கே நிறையப் பொம்பளைங்க சொந்தப் பேரைச் சொல்லல. இன்னார் மனைவி, இன்னார் மகள்னே எழுதிக் குடுத்தாங்க. சொந்தப் பேர் இல்லாம ஏத்தக் கூடாதுன்னு உத்தரவு. பல லட்சம் பேரோட பதிவு நின்னு போச்சு."

"அதெல்லாம் அந்தக் காலம் சார்."

வாழ்த்துச் சொல்லிப் போனை வைத்தேன். கல்யாணத்தால் ஓட்டு வந்த காலம் ஒன்று இருந்தது. கல்யாணத்தைக் காரணம் காட்டி ஓட்டை எடுத்தவன் நான். அது அந்தக் காலம் இல்லை. மூன்று நிமிடத்தில் சொல்லக்கூடியதும் இல்லை.

பணியில் சேர்ந்த முதல் ஏழு ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தேர்வாணையத் தேர்வு எழுதி இளநிலை உதவியாளரானேன். தபால் பிரிவு, சான்றிதழ் பிரிவு, பிறகு தேர்தல் பிரிவு. எல்லோரும் தப்பி ஓடும் பிரிவு அது. எனக்குப் பிடித்திருந்தது. பட்டியல் என்பது ஆட்களின் பெயர்களால் எழுதிய ஓர் ஊர் வரலாறு என்று நினைத்தேன்.

பட்டியலைச் சுத்தமாக வைத்திருப்பதுதான் பிரிவின் பெரிய தலைவலி. இறந்தவர்களை எடுப்பது எளிது, கிராம நிர்வாக அலுவலரிடம் இறப்புப் பதிவேடு இருக்கிறது. குடிபெயர்ந்தவர்களுக்கு அப்படிப் பதிவேடு கிடையாது. திருப்பூருக்கு வேலைக்குப் போய்ப் பத்து ஆண்டாகத் திரும்பாத ஆணின் பெயரை நீக்கலாமா என்று வீட்டில் கேட்டால், "பொங்கலுக்கு வந்துருவான் சார், எடுத்துராதீங்க" என்பார்கள். எடுக்க மாட்டோம்.

பெண்கள் விஷயத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் குடியிருப்பது நாகல் நகரில். எங்கள் தெருமுனையில் ஓர் அச்சகம் உண்டு. கல்யாணப் பத்திரிகைதான் அங்கே பெரும்பாலான வேலை. அடித்த ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியை மாதிரிக்காக அச்சகக்காரர் கம்பியில் குத்தி வைப்பார். பெண்ணின் பெயர், தகப்பன் பெயர், ஊர், மாப்பிள்ளையின் ஊர், முகூர்த்தத் தேதி எல்லாம் அதில் இருக்கும். குடிபெயர்ந்த பெண்களுக்கு இதைவிடச் சுத்தமான பதிவேடு எங்கே கிடைக்கும்? மாதம் ஒருமுறை அந்தக் கட்டை வாங்கி வருவேன். பட்டியலில் பெண்ணின் பெயரைத் தேடி S என்று குறிப்பு எழுதுவேன்.

அச்சகக்காரர் கிண்டல் செய்வார். "நான் சேத்து வைக்கிறேன், நீங்க பிரிச்சு விடுறீங்க. நல்ல கூட்டு சார் நம்ம கூட்டு."

விதிப்படி, பெயரை நீக்கும் முன் சம்பந்தப்பட்டவருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதையும் தவறாமல் செய்தேன். எந்த முகவரிக்கு? பெண் இப்போது இருக்கும் முகவரிக்கு. அதாவது பத்திரிகையில் உள்ள மாப்பிள்ளை வீட்டு முகவரிக்கு. ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பி வரும், கோப்பில் சேரும். என்னைப் பொறுத்தவரை கோப்பில் ஓட்டை ஏதும் இல்லை. அந்த ஆண்டு எங்கள் வட்டத்தின் பட்டியல்தான் சுத்தமான பட்டியல் என்று எனக்கு ஒரு நற்சான்றிதழும் கிடைத்தது.

இரண்டு ஆண்டு இப்படிப் போயிற்று. பிறகு ஊராட்சித் தேர்தல் அறிவிப்பு வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை 11.20. என் மேஜைக்கு எதிரே ஒரு பெண் வந்து நின்றார். ஹெல்மெட் கையில் இருந்தது. விரல்களில் சாக்குத் தைக்கும் சணல் அறுத்த கோடுகள்.

"சார், எம்பேரைக் காணோம்."

"எந்த ஊரும்மா?"

ஊரைச் சொன்னார். சின்னாளப்பட்டியிலிருந்து கொஞ்ச தூரத்தில், மல்லிகையும் தென்னையும் போடுகிற ஊர்.

"தலைவர் பதவிய இந்தத் தடவ பொம்பளைங்களுக்கு விட்ருக்காக. நான் நிக்கிறேன். யூனியன் ஆபீசுல மனுக் குடுக்கப் போனா, லிஸ்டுல பேரு இல்லாதவுக நிக்க முடியாதுங்கிறாக. போன தடவ ஓட்டுப் போட்டேன் சார், மை வச்ச வெரலு இதுதான்."

துணைப்பட்டியலைப் புரட்டினேன். இருந்தது. "கல்யாணம் ஆகிப் போயிட்டீங்கன்னு நீக்கியிருக்கும்மா."

"யாருக்குக் கல்யாணம்?"

"உங்களுக்குத்தான்."

"எனக்கே தெரியாம எவன் சார் கட்டுனது?"

பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நான் பத்திரிகைக் கட்டை எடுத்து அவருடையதைத் தேடிக் கொடுத்தேன். இரு பக்கமும் பிள்ளையார், நடுவில் பொன்னிற எழுத்து. அதைக் கையில் வாங்கி, தன் பெயர் இருந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது நின்னு போச்சு சார்," என்றார்.

நடந்ததை ஐந்து நிமிடத்தில் சொன்னார். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை அவருடைய அப்பாவுக்கு வாதம் அடித்துக் கையும் காலும் விழுந்துவிட்டன. அம்மா இல்லை, உடன்பிறந்தவர் இல்லை. ஒரு மாதம் தள்ளி வைக்கலாம் என்று இவர் கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் நெய்க்காரப்பட்டிக்காரர்கள். பந்தக்கால் நட்ட முகூர்த்தத்தை விட மாட்டோம் என்று சொல்லி, வந்த சனத்தோடு பழனி அடிவாரத்துக்குப் போய், மறுநாள் அதே முகூர்த்தத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் மகளைக் கட்டி வைத்துவிட்டார்கள். இவர் அப்பாவோடு ஊரிலேயே இருந்தார். விடியலில் ஊர்ப் பூவைச் சேர்த்துத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டு வருவது இவர் வேலை.

"எதுக்கும்மா தேர்தல்ல நிக்கணும்?" என்று கேட்டேன். தேவையில்லாத கேள்வி.

"எங்க ஊருக்கு ரோடு போட்டாக சார். முன்னாள் தலைவரு தோப்பு வரைக்கும் வந்து நின்னுருச்சு. அதுக்கு இங்கிட்டு மழை பேஞ்சா பூ மூட்டையோட வண்டி சறுக்குது. மூணு தடவ விழுந்துட்டேன். மனுக் குடுத்துப் பாத்தாச்சு. இனி நின்னு பாக்குறேன்."

வேட்புமனுவுக்குக் கடைசி நேரம் அடுத்த திங்கள் பிற்பகல் மூன்று மணி. புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் ஆறை அன்றே வாங்கினாலும் ஆட்சேபணைக்கு ஏழு நாள் விட வேண்டும். நாட்காட்டியைப் பார்த்தேன். பெயர் ஏறும் நாள் அடுத்த வாரம் புதன்கிழமை. இரண்டு நாள் தாண்டிவிடும்.

"நாளைக்கு வாங்கம்மா," என்றேன். "வட்டாட்சியர் அம்மாகிட்டக் கேட்டுச் சொல்றேன்."

வட்டாட்சியர் அம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. நீக்கல் உத்தரவு அவருக்கு முன்னிருந்தவர் காலத்தது. இந்த அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேஜையில் ஒரு வெந்நீர் பிளாஸ்க், ஓர் எஃகு அளவுகோல், ஒரு பென்சில். கோப்பைப் படிக்கும்போது அளவுகோலை வரிக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு வரியாகக் கீழே நகர்த்துவார். குரலை உயர்த்தியதே கிடையாது. ஏன், எதற்கு என்று கேட்க மாட்டார். அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "எதைப் பார்த்து எழுதினீங்க?" இந்தக் கேள்விக்குப் பயந்து வருவாய் ஆய்வாளர்கள் இரண்டு பேர் புலத்துக்கு உண்மையாகவே போகத் தொடங்கியிருந்தார்கள்.

புதன்கிழமை காலை 10.15. கோப்பை வைத்தேன். அளவுகோல் நான்காவது வரியில் நின்றது.

"எதைப் பார்த்து எழுதினீங்க?"

"பத்திரிகை மேடம்."

"எந்தப் பத்திரிகைல வந்துச்சு?"

"கல்யாணப் பத்திரிகை மேடம்."

பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் குடித்தார். பிறகு பத்திரிகையை அளவுகோலுக்கு மேலே வைத்து, அரசுக் கடிதத்தைப் படிப்பதுபோல முதலிலிருந்து கடைசி வரை படித்தார்.

"பொண்ணு அந்த ஊருக்குப் போனதைப் பார்த்தீங்களா?"

"இல்ல மேடம்."

"மாப்பிள்ளை அங்கதான் இருக்காருன்னு பார்த்தீங்களா?"

"இல்ல மேடம். அவர் எங்க போகப் போறாரு?"

"இந்த மாதிரி எத்தனை மாப்பிள்ளை பேரை நீக்கியிருக்கீங்க?"

பூஜ்யம் என்பது அவருக்கும் தெரியும்.

"பத்திரிகை நடக்கப் போறதைச் சொல்லும்," என்றார். "நடந்ததை எழுதறதுக்கு நம்மளை வச்சிருக்காங்க."

பிறகு நடைமுறைக்கு வந்தார். புதிய விண்ணப்பம் என்றால் ஏழு நாள், அதில் ஒரு மணி நேரமும் குறைக்க முடியாது. அலுவலகத் தவறால் நீங்கிய பெயரைத் திரும்பச் சேர்ப்பது என்றால், தவறு நிரூபணமான அன்றே உத்தரவு போடலாம். அதற்கு மூன்று வேண்டும். பாண்டியம்மாள் நெய்க்காரப்பட்டிக்கு வரவே இல்லை என்று அங்கிருந்து ஒரு வாக்குமூலம். இந்த ஊரில்தான் தொடர்ந்து குடியிருக்கிறார் என்று ஊரில் ஒரு விசாரணை. மூன்றாவது, தவறு எப்படி நடந்தது, யார் செய்தது என்று என் கையால் ஒரு குறிப்பு.

"மூணும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்த மேஜைக்கு வரணும். மூணாவது வந்தா உங்களுக்கு மெமோ வரும். அதையும் நான்தான் போடணும். தெரியும்ல?"

தெரியும். துணை வட்டாட்சியர் பதவி உயர்வுப் பட்டியலில் அந்த ஆண்டு என் பெயர் இருந்தது. மெமோ நிலுவையில் இருந்தால் என் பெயரைத் தாண்டிப் போய்விடுவார்கள். என் பெயரும் பாண்டியம்மாள் பெயரும் ஒரே வாரத்தில் இரண்டு பட்டியல்களில் தொங்கின. இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை நேர்மையாக இருக்காது: புதன்கிழமை மாலை முழுவதும், குறிப்பு இல்லாமல் வாக்குமூலமும் விசாரணையும் மட்டும் வைத்தால் போதாதா என்று விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். போதாது.

வியாழக்கிழமை காலை பழனி பஸ் பிடித்து நெய்க்காரப்பட்டி போனேன். 10.40க்கு வீட்டைக் கண்டுபிடித்தேன். மாப்பிள்ளை தென்னந்தோப்புக்குப் போயிருந்தார். அவருடைய அம்மா வாசலில் மக்காச்சோளம் காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, அந்தப் புள்ள இங்க வரவே இல்லீங்களே," என்றார். "வந்திருந்தாத்தான் என்னுங்க? நல்ல புள்ளதான். எங்க ஊட்டுக்காரருதான் மூர்த்தத்தை உடமாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னுபோட்டாருங்க."

உள்ளேயிருந்து மருமகள் தண்ணீர்ச் சொம்போடு வந்தார். பெயர் சுமதி. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். என் கையில் இருந்த ஒப்புகை அட்டையின் நகலைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"இது நான் போட்ட கையெழுத்துங்க."

எனக்கு விளங்கவில்லை. "அறிவிப்பு பாண்டியம்மாள் பேருக்குத்தானம்மா வந்துச்சு? நீங்க ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

"கவர்மென்ட்டுக் காயிதத்துல எப்பங்க பேரு சரியா வந்திருக்குது? ரேசன் கார்டுல எங்க அத்தைக்கு ஆம்பளைன்னு போட்டிருக்குதுங்க."

மாமியார் வாசலிலிருந்து, "அதையத் திருத்தறக்கு மூணு தடவ பழனிக்கு நடந்தாச்சுங்க!" என்றார்.

சுமதி விளக்கினார். "பத்திரிகையில அந்தப் புள்ள பேருதானுங்களே அடிச்சிருந்துச்சு. அதையப் பாத்து எழுதிப்போட்டாங்கன்னு நெனச்சனுங்க. நான்தானுங்களே இந்த ஊட்டுக்கு மருமக. ஓட்டு ஆபீசுக் காயிதம், கையெழுத்துப் போட்டா இங்க எம்பேரு ஏறீருமுன்னு போட்டனுங்க. ஏறலீங்களா?"

"இல்லம்மா. அது பேர் எடுக்குற காகிதம்."

"அதானுங்களா எங்கூரு இடைத்தேர்தல்ல பூத்துக்குப் போயித் திரும்பி வந்தேன்? பொறந்த ஊர்லயும் எம்பேரு இல்லீங்க. இங்கயும் இல்லீங்க."

நான் அனுப்பிய ஒரு காகிதம், ஒரு பெண்ணின் பெயரை எடுத்துவிட்டு, இன்னொரு பெண்ணைத் தன் பெயர் சேர்ந்துவிட்டது என்று நம்பி உட்கார வைத்திருந்தது. கோப்பில் அந்த ஒப்புகை அட்டை மிகச் சரியாகவே இருந்தது.

வாக்குமூலம் எழுதினேன். கணவர் பெயர் கேட்டபோது சுமதி மாமியாரைப் பார்த்தார். "அவ சொல்ல மாட்டாளுங்க," என்றார் மாமியார். சுமதி பேனாவை வாங்கித் தானே எழுதினார். "எழுதறதுக்குத் தோசமில்லீங்க," என்றார். பையில் இருந்த படிவம் ஆறில் ஒன்றை அவரிடம் கொடுத்து, எங்கே கொடுக்க வேண்டும், எதை இணைக்க வேண்டும் என்று சொன்னேன். அது வேறு வட்டம். என் அதிகாரம் அந்தப் படிவத்தைக் கொடுப்பதோடு முடிந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஊரில் விசாரணை. ரேஷன் கடை முன்னால் மேஜை போட்டோம். கிராம நிர்வாக அலுவலர், நான், ஊர்க்காரர்கள் முப்பது பேர். முன்னாள் தலைவர் ராசுவும் வந்திருந்தார். இந்தத் தேர்தலில் அவருடைய மனைவி நிற்பதாக இருந்தது. அவர் பாண்டியம்மாளுக்கு முறையில் மாமா.

"பத்திரிகை அடிச்சு வீடு வீடா வச்சாக சார்," என்றார் ராசு. "முந்தின நா சாயந்தரம் ஊரே பந்தியில ஒக்காந்துச்சு. நானே ரெண்டு தடவ பாயசம் வாங்குனேன். இப்பக் கல்யாணம் ஆகலைன்னா எப்புடி?"

"பாயசம் குடிச்சது நெசம் மாமா," என்றார் பாண்டியம்மாள். "தாலி கட்டுனதப் பாத்தீகளா?"

பின்னாலிருந்து ஒரு கிழவர், "பாயசத்துல முந்திரி அம்புட்டும் இவரு எலையிலதான் கெடந்துச்சு, இவரு எங்கிட்டுப் பாக்குறது?" என்றார். கூட்டம் சிரித்தது.

ராசு சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். அவருக்குக் கோபம் இல்லை. உலகத்துக்கே தெரிந்ததை எனக்கு எடுத்துச் சொல்வதுபோலத்தான் சொன்னார். "சார், பொட்டப்புள்ள. இன்னைக்கு இல்லாட்டி நாளைக்குப் போறவதானே? எதுக்கு ஏத்தி, எறக்கி, ஏத்தி? ஒங்களுக்கும் வேல மிச்சம்."

"போறப்பப் போறேன் மாமா," என்றார் பாண்டியம்மாள். "போற வரைக்கும் இங்கதான இருக்கேன்?"

இருவர் சொன்னதையும் எழுதிக்கொண்டேன். ராசு சொன்னதைத்தான் நான் இரண்டு ஆண்டாக S என்ற ஒரே எழுத்தில் எழுதி வந்திருந்தேன். அவர் அதைச் சத்தமாகச் சொன்னார், நான் கோப்பில் சொன்னேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஐந்து பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். ராசு போடவில்லை. ஆட்சேபணையை எழுத்தில் தருகிறீர்களா என்று கேட்டதற்கு, "எழுதிக் குடுத்தா நாளைக்கு நான்தான பொய் சொன்னவனாவேன்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பிற்பகல் நான்கு மணிக்கு அலுவலகத்தில் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியது: "மேற்படி பெயர் கவனக்குறைவு காரணமாக நீக்கப்பட நேர்ந்துள்ளது." வட்டாட்சியர் அம்மா அளவுகோலை அந்த வரிக்கு அடியில் வைத்தார். பென்சிலால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுக் கோப்பை என் பக்கம் நகர்த்தினார்.

வெளியே பெஞ்சில் பாண்டியம்மாள் உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்கு மருந்து கொடுக்கும் நேரம் ஆகிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

திரும்ப எழுதினேன். "அச்சிட்ட திருமணப் பத்திரிகை ஒன்றை மட்டும் ஆதாரமாகக் கொண்டு, திருமணம் நடந்ததா என்று விசாரிக்காமலும், அறிவிப்பைச் சம்பந்தப்பட்டவர் குடியிருந்த வீட்டுக்கு அனுப்பாமலும், இப்பெயரை நீக்கப் பரிந்துரைத்தவன் நான். இதே முறையில் வேறு பெயர்களையும் நீக்கியுள்ளேன்." கடைசி வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. ஆனால் அதை எழுதாமல் மேலே உள்ளதை எழுதுவதில் பொருள் இல்லை என்று தோன்றியது.

5.40க்கு உத்தரவில் கையெழுத்தானது. திங்கள் காலை துணைப்பட்டியல் நகல் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குப் போயிற்று. பிற்பகல் 1.10க்குப் பாண்டியம்மாள் வேட்புமனு கொடுத்தார். செவ்வாய் காலை எனக்கு மெமோ வந்தது. வட்டாட்சியர் அம்மா அதைத் தபாலில் அனுப்பாமல் கூப்பிட்டு நேரில் கொடுத்தார். "பதிலை ஒழுங்கா எழுதுங்க. சுத்தி வளைக்காதீங்க," என்றார். கண்டனத்தோடு முடிந்தது. பதவி உயர்வு ஓர் ஆண்டு தள்ளிப் போயிற்று.

பாண்டியம்மாள் பதினொரு வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். ராசுவின் மனைவி ஜெயித்தார். ஆனால் அந்தப் பதினொன்று ராசுவை உறுத்தியிருக்க வேண்டும். அடுத்த மழைக்கு முன்பு ரோடு தோப்பைத் தாண்டி ஊருக்குள் வந்துவிட்டது என்று கிராம நிர்வாக அலுவலர் சொன்னார்.

தேர்தல் முடிந்த மூன்றாவது வாரம் பாண்டியம்மாள் அலுவலகத்துக்கு வந்தார். நன்றி சொல்ல வரவில்லை, அதற்குக் காரணமும் இல்லை. விசாரணையன்று நெய்க்காரப்பட்டியில் நடந்ததை நான் சொல்லியிருந்தேன். அதைப் பற்றிக் கேட்க வந்திருந்தார்.

"அந்தப் புள்ளைக்குப் பேரு ஏறுச்சா சார்?"

"தெரியலம்மா. படிவம் குடுத்துட்டு வந்தேன்."

"கேட்டுச் சொல்லுங்க. எம்பத்திரிகையில அவ கல்யாணம் நடந்துச்சு. எம்பேருக்குக் கையெழுத்தும் போட்டுக் குடுத்துருக்கா. எனக்குக் கெடச்சு அவளுக்கு இல்லைன்னா நல்லாவா இருக்கும்?"

அந்த வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் ஒரு நினைவூட்டலும் அனுப்பினேன். பதில் வரவில்லை. இதற்கிடையில் வட்டாட்சியர் அம்மா உத்தரவுப்படி, பத்திரிகை பார்த்து நான் நீக்கிய எல்லாப் பெயர்களையும் திரும்ப எடுத்து வீடு வீடாகப் போனேன். எங்கள் வட்டத்துக்குள்ளேயே வாழ்க்கைப்பட்டவர்களைச் சரிபார்த்து முடித்தேன். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவரின் மனைவி ஒருவர், கணவரை விட்டுத் திரும்பி வந்தவர்கள் இருவர் என்று மூன்று பெயரைத் திரும்பச் சேர்த்தோம். வெளி வட்டங்களுக்குப் போனவர்கள் அங்கே ஏறினார்களா என்று கேட்ட கடிதங்களில் பாதிக்குத்தான் பதில் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கோப்பு கால வரம்பு முடிந்து அழிக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஸ்டெல்லாவின் போனுக்குப் பிறகு, இப்போது இணையத்தில் கிடைக்கும் பட்டியலில் நெய்க்காரப்பட்டிப் பாகங்களை இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். சுமதியின் உண்மைப் பெயரில் பலர் இருக்கிறார்கள். ஒருவருக்கு மட்டும் கணவர் பெயர் பொருந்துகிறது. ஆனால் வயது, என் குறிப்பேட்டுக் கணக்குப்படி இருக்க வேண்டியதைவிட ஆறு ஆண்டு குறைவு. பட்டியலில் வயது தப்பாக ஏறுவது சாதாரணம். அதே கணவர் பெயரில் அந்த ஊரில் வேறொருவர் இருப்பதும் சாதாரணம். நேரில் போய்க் கேட்காமல் எதையும் முடிவு செய்ய எனக்கு உரிமை இல்லை, இன்னும் போகவில்லை. அந்த வரியில் இருப்பவர் நான் பார்த்த சுமதிதானா என்பது சரிபார்க்கப்படவில்லை.